லிங்கனில் எங்கள் முதல் குளிர்காலம்: வீடு, பள்ளி, வேலை பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

நொய்யல்கரை (லிங்கன்)
9 நவம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம்ங்க. ஊரில் இருந்தபோதே இந்தத் தளத்தைப் படித்துவந்தேன். எழுதுவது இப்போதுதான்.

என் மனைவி செவிலியர். இந்த வருடம் மே மாதம் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் வேலைக்குச் சேர்ந்தார். நானும் பிள்ளைகளும் ஆகஸ்ட் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து வந்தோம். பெரியவளுக்கு ஏழு வயது, இயர் 3 படிக்கிறாள். சின்னவனுக்குப் போன மாதம்தான் மூன்று முடிந்தது. மனைவி ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் தேறி, என்எம்சி (செவிலியர் மன்றம்) பதிவும் கிடைத்து, பதிவு பெற்ற செவிலியருக்கான பேண்ட் 5 சம்பள நிலைக்கு மாறிவிட்டார். அந்தப் பாரம் இறங்கியது. மற்றதெல்லாம் இன்னும் தலைமேல்தான் இருக்கிறது.

நாங்கள் இருப்பது வரிசை வீடு, மேலே இரண்டு அறை. பின்பக்க அறையின் மூலையில் கருப்பாகப் பூஞ்சை படர்ந்து வருகிறது. பிள்ளைகள் படுக்கும் அறை அது. வாடகை ஏஜென்சியில் சொன்னால், "நீங்கள் சமைப்பதால் வருகிறது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்கிறார்கள். திறந்து வைத்தால் குளிர், மூடினால் பூஞ்சை. ஹீட்டிங்கை எவ்வளவு நேரம் போடுவது என்றும் தெரியவில்லை. பில்லை நினைத்தே பாதி நேரம் அணைத்து வைக்கிறோம்.

மகள் பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். வீட்டில் அவள் பேச்சை நிறுத்த முடியாது. டீச்சர் நல்ல மாதிரிதான், பொறுமையாக இருக்கிறார். ஆனால் இங்கே தெரிந்த ஒருவர், "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஒரே மாதத்தில் பேசிவிடுவாள்" என்கிறார். அவளுடைய பாட்டியோடு வேறு எந்த மொழியில் பேசுவாள் என்று எனக்குப் புரியவில்லை.

நான் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் பதினான்கு வருடம் இருந்தேன். முதலில் சிஎன்சி (கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம்), பிறகு தரப் பரிசோதனை. மனைவியோடு சேர்ந்து வந்த டிபெண்டன்ட் விசாவில் வேலை பார்க்கலாம் என்று தெரியும். விண்ணப்பம் போட்டால் பதிலே வருவதில்லை. லண்டனில் இருக்கும் நண்பர்கள், "ஈஸ்ட்ஹாம் பக்கம் வந்துவிடு, நம்ம ஆட்கள், கோயில், கடை எல்லாம் இருக்கிறது" என்கிறார்கள். மனைவிக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. வார்டில் நன்றாக நடத்துகிறார்களாம். என்ன செய்வது என்று சொல்லுங்கள்.


நடுவர்
9 நவம்பர் 2025

வரவேற்கிறோம். இங்கிலாந்து வாழ்க்கைப் பகுதிக்கு இழையை மாற்றியிருக்கிறேன். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான காத்திருப்பை ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடமாக்கும் அரசின் திட்டம் பற்றித் தனி இழை இருக்கிறது. அந்த விவாதத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். இவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.


ராத்திரிப்பணி (நாட்டிங்ஹாம்)
10 நவம்பர் 2025

தம்பி, நானும் செவிலியர்தான். நாகர்கோவில் பக்கம். உங்கள் மனைவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்து, படித்து, ஓஸ்கியில் தேறுவது எப்படிப்பட்ட பாடு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் பூஞ்சை, ஏனென்றால் அதில் பிள்ளைகள் மூச்சு இருக்கிறது. ஏஜென்சி சொல்வது பாதிதான் உண்மை. சமையலிலும் குளியலிலும் எழும் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராகும், அங்கே பூஞ்சை பிடிக்கும். சரி. ஆனால் வீட்டில் அந்த ஒரு மூலை மட்டும் ஏன் அப்படிக் குளிர்ந்து கிடக்கிறது? வெளியே போய் அந்த மூலைக்கு நேர் மேலே பாருங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் கட்டர் உடைந்து சுவரில் வழிகிறதா, மேலே ஓடு நகர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் நீங்கள் சமைக்காமலே பட்டினி கிடந்தாலும் பூஞ்சை போகாது.

வீட்டின் அமைப்பையும் வெளிப்புறத்தையும் பழுது பார்ப்பது வீட்டுக்காரர் கடமை. 1985-ம் வருட வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று 2018-ல் தனிச் சட்டமே வந்தது. போனில் பேசுவதை நிறுத்துங்கள். படம் எடுத்து, தேதி போட்டு, "பிள்ளைகள் படுக்கும் அறை" என்று குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றம்) சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதலாம், அவர்கள் வந்து பார்ப்பார்கள். லிங்கனில் இரண்டு கவுன்சில் உண்டு, குழம்ப வேண்டாம். வீடு, குப்பை, கவுன்சில் டாக்ஸ் எல்லாம் நகரக் கவுன்சில். பள்ளிக்கூடம், நூலகம் எல்லாம் லிங்கன்ஷயர் கவுன்டி கவுன்சில்.

உங்கள் பங்குக்கும் செய்ய வேண்டியது உண்டு. துணியை ரேடியேட்டர் மேல் காயப்போடாதீர்கள், அத்தனை ஈரமும் அறைக்குள்தான் நிற்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியுமிடிஃபையர் ஒன்று வாங்கி, ஒரே அறையில் கதவைச் சாத்தித் துணி காயப்போடுங்கள். சமைக்கும்போது மூடி போட்டு, எக்ஸ்ஹாஸ்ட் விசிறியை ஓடவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்துங்கள். காலையில் எல்லா ஜன்னலையும் பத்து நிமிடம் விரியத் திறந்து, பிறகு மூடிவிடுங்கள். நாள் முழுக்க ஒரு விரல் அளவு திறந்து வைப்பதைவிட இது நல்லது. ஹீட்டிங்கை அடியோடு அணைக்காதீர்கள். 18 டிகிரிக்குக் கீழே போகவிட வேண்டாம் என்பதுதான் இங்கே பொதுச் சுகாதார ஆலோசனை. சுவர் சில்லிட்டுவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இன்னொன்று, நாலு பேரும் வைட்டமின் டி எடுக்கிறீர்களா? குளிர்காலத்தில் தினம் 10 மைக்ரோகிராம் என்பது இங்கே எல்லோருக்கும் சொல்வது. நம்மைப் போலத் தோல் கறுத்தவர்கள் வருடம் முழுக்க எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். டிசம்பரில் உங்கள் ஊரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். மாத்திரை சூப்பர்மார்க்கெட்டிலேயே மலிவாகக் கிடைக்கும்.

ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு நான்கு பேருக்கும் முடிந்ததா? முகவரிச் சான்று இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்பது என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) விதி. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோய் ஜிபி நர்ஸிடம் காட்டுங்கள், விடுபட்டதைப் போட்டுவிடுவார்கள். பெரியவர்களுக்கு மருந்துச் சீட்டில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. பிள்ளைகளுக்கு இலவசம். தொண்டை வலி, பிள்ளைகளின் காது வலிக்கு ஜிபி அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், பார்மசியிலேயே பார்ப்பார்கள்.

கடைசியாக, உங்கள் மனைவி நைட் ஷிஃப்ட் முடித்து வந்தால் தூங்கவிடுங்கள். ஜன்னலுக்குக் கனமான கருப்புத் திரை போடுங்கள். சின்னவனை வெளியே கூட்டிப்போங்கள். இது சின்ன விஷயம் இல்லை. இரவு வேலை பார்ப்பவரின் தூக்கத்தைக் காக்கும் வீடுதான் இங்கே தாக்குப்பிடிக்கிறது.


ஈஸ்ட்ஹாம்வாசி (லண்டன்)
10 நவம்பர் 2025

தம்பி, நான் 1989-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். வந்த காலத்தில் கறிவேப்பிலை வாங்கவும் கோயிலுக்குப் போகவும் ரயில் ஏறி அலைந்தோம். இப்ப ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நடந்தால் முருங்கைக்காய், அரைக்கீரை, மீன், புட்டுக்குழல் எல்லாம் கிடைக்கும். சேர்ச் ரோட்டில் முருகன் கோயில் இருக்கு. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம், மிருதங்கம், பரதம். உங்கட மகள் தன்னைப் போலப் பிள்ளைகளை வகுப்பிலேயே காண்பாள். தனித்துப் போன பிள்ளைக்கு அது பெரிய தெம்பு. மனைவிக்கும் லண்டன் சம்பளத்தில் கூடுதல் படி வரும். உள் லண்டனில் 20 சதவீதம், வெளி லண்டனில் 15, அதற்கு மேல்வரம்பு உண்டு.

வாடகை கூடத்தான். மறைக்கவில்லை. ஆனாலும் வருத்தம் துன்பம் வந்தால் கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும். அதை வாடகைக் கணக்கில் சேர்க்க ஏலாது.


லேத்துக்காரன் (டெர்பி)
11 நவம்பர் 2025

ஈஸ்ட்ஹாம் அண்ணா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இவர் விஷயத்தில் நான் வேறு மாதிரி நினைக்கிறேன்.

மனைவியின் விசா அவருடைய வேலையோடு கட்டப்பட்டது. லண்டனுக்கு மாற வேண்டுமென்றால் புது மருத்துவமனை ஸ்பான்சர் செய்ய வேண்டும், விசாவுக்குத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். சீக்கிரம் விலகினால் அழைத்துவந்த செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லும் ஷரத்து பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. அதை முதலில் படியுங்கள். அந்த லண்டன் படியோ வாடகை வித்தியாசத்துக்கே போதாது.

அதைவிட முக்கியம், நொய்யல்கரை, நீங்கள் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வேலை இல்லை என்கிறீர்கள் தெரியுமா? லிங்கன் பட்டறைகளின் ஊர். உலகின் முதல் டேங்க் 1915-ல் அங்கேதான், வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனியில் செய்யப்பட்டது. ரஸ்டன் எஞ்சின் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இந்தியாவிலும் ஓடியது. அதுவும் லிங்கன் சரக்கு. அந்த ரஸ்டன் தொழில் கைமாறிக் கைமாறி இன்று சீமென்ஸ் எனர்ஜியிடம் இருக்கிறது. அங்கே கேஸ் டர்பைன் செய்கிறார்கள். பெரிய கம்பெனி இருக்கும் ஊரில் அதற்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறைகளும் இருக்கும். பீளமேட்டையும் கணபதியையும் பார்த்த உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

பதில் வராததற்குக் காரணம் சிவியாக இருக்கலாம். புகைப்படம், பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண நிலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியிலேயே எந்த கன்ட்ரோலரில் வேலை பார்த்தீர்கள், ஃபானுக்கா சீமென்ஸா, சிஎம்எம் (பாகங்களை அளக்கும் இயந்திரம்) ஓட்டத் தெரியுமா, எத்தனை மைக்ரான் டாலரன்ஸ் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுவேன்" என்பதை யாரும் படிப்பதில்லை. "ரைட் டு ஒர்க் உண்டு, ஸ்பான்சர்ஷிப் தேவையில்லை" என்பதைத் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். இந்தியப் பெயரைப் பார்த்ததும் விசாச் செலவு என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் காட்ட ஷேர் கோட் (உங்கள் வேலை உரிமையை முதலாளி இணையத்தில் சரிபார்க்கும் எண்) எடுத்து வையுங்கள். நேஷனல் இன்சூரன்ஸ் எண் வரும்வரை காத்திருக்க வேண்டாம், விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

இணையத்தில் போடுவதோடு நிற்காமல், தொழிற்பேட்டையில் இருக்கும் பட்டறைகளுக்கு நேரில் போங்கள். காலை ஷிஃப்ட் தேநீர் நேரத்தில் போனால் சூப்பர்வைசர் கண்ணில் படுவார். எனக்கு இங்கே முதல் வேலை அப்படித்தான் அமைந்தது.


நொய்யல்கரை (லிங்கன்)
12 நவம்பர் 2025

மூன்று பேருக்கும் நன்றிங்க. லேத்துக்காரன் அண்ணா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ரஸ்டன் என்ற பெயரை எங்கள் அப்பா வாயில் கேட்டிருக்கிறேன், இந்த ஊர் என்று தெரியாது. சிவியை இன்று இரவே மாற்றுகிறேன்.

கட்டரைப் போய்ப் பார்த்தேன். இணைப்பில் விலகித் தொங்குகிறது, மழை பெய்தால் நேராக அந்த மூலைச் சுவரில்தான் ஊற்றுகிறது. படம் எடுத்து மின்னஞ்சல் அனுப்பியாகிவிட்டது.

ஈஸ்ட்ஹாம் அண்ணா, நீங்கள் சொன்ன கடைசி வரி மனதில் நிற்கிறது. இங்கே கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கிறேன்.


பள்ளித்துணை (மில்டன் கீன்ஸ்)
12 நவம்பர் 2025

மகள் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளோடுதான் என் வேலை.

அவள் பேசாமல் இருப்பது நோய் இல்லை, பிடிவாதமும் இல்லை. புது மொழிக்குள் வந்த பிள்ளைகள் பலர் சில வாரமோ சில மாதமோ வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் உள்ளே நிறைய நடக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டியது வேறு: சொன்னதைச் செய்கிறாளா, விளையாட்டு நேரத்தில் யாரோடாவது ஓடுகிறாளா, சிரிக்கிறாளா, சாப்பிடுகிறாளா. இதெல்லாம் இருந்தால் பயப்பட வேண்டாம். டீச்சரிடம் மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள். அவளுக்கு என்ன பிடிக்கும், தமிழில் வாசிக்கத் தெரியுமா, கோயம்புத்தூர்ப் பள்ளியில் எதில் கெட்டிக்காரி. கணக்கில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் முன்னால் இருப்பார்கள். அங்கே அவளை முன்னால் நிறுத்தினால் தெம்பு வரும்.

தமிழை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டு மொழியைத் தொடரச் சொல்லித்தான் இந்தத் துறையில் பயிற்சியே கொடுக்கிறார்கள். ஒரு விஷயம் தமிழில் புரிந்திருந்தால் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் மட்டும் கற்றால் போதும். பெல் ஃபவுண்டேஷன் தளத்தில் பெற்றோருக்கான கையேடுகள் பல மொழிகளில் இலவசமாக இருக்கின்றன.

நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். உறுப்பினர் ஆக ஒரு பைசா வேண்டாம். அவள் வகுப்பில் படிக்கும் புத்தகத்தையே வீட்டில் எடுத்து, படத்தைப் பார்த்துத் தமிழில் கதை பேசுங்கள். மறுநாள் வகுப்பில் அதே கதை ஆங்கிலத்தில் வரும்போது அவளுக்குப் புரியும்.


தேம்ஸ்கரை (ரெடிங்)
13 நவம்பர் 2025

மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் வந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. வீட்டில் மாலை வேளைகளில் ஆங்கிலம் மட்டும் பேசினோம். சீக்கிரம் தேறினான், நண்பர்கள் சேர்ந்தார்கள், கிராமர் ஸ்கூல் (நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளி) தேர்வும் எழுதினான். லிங்கன்ஷயரிலும் கிராமர் ஸ்கூல்கள் இருக்கின்றன. அந்தத் தேர்வு இயர் 6 தொடக்கத்தில் வந்துவிடும். உங்களுக்கு அதிக காலம் இல்லை. தமிழ் எங்கேயும் ஓடிவிடாது.


பள்ளித்துணை (மில்டன் கீன்ஸ்)
13 நவம்பர் 2025

தேம்ஸ்கரை சார், உங்கள் மகன் நன்றாக வந்ததில் மகிழ்ச்சி. ஒன்பது வயதுப் பையனுக்குத் தமிழ் ஏற்கெனவே உறுதியாக நின்றிருக்கும். ஏழு வயதுக்காரிக்கும், அதைவிட மூன்று வயதுக்காரனுக்கும், நிலைமை வேறு. சின்னவனுக்கு இப்போது தமிழ் கொடுக்காவிட்டால் பிறகு கொடுக்க வழியே இருக்காது. அடுத்தது, பெற்றோர் தங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் பேச்சு, "சாப்பிடு, தூங்கு, ஹோம்வொர்க் செய்" என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். கதை, கோபம், கிண்டல், பாட்டியின் பழைய சண்டைகள் எதுவும் வராது. பிள்ளைக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான்.


ஈஸ்ட்ஹாம்வாசி (லண்டன்)
13 நவம்பர் 2025

தமிழ் ஓடிவிடாது என்று சொல்லாதேங்கோ. எங்கட தலைமுறையில் எத்தனை வீட்டில் ஓடினது என்று நான் பார்த்தவன். அம்மம்மா ஆஸ்பத்திரியில் கிடக்க, பக்கத்தில் இருந்த பேரப்பிள்ளைக்கு அவ சொன்னது விளங்கவில்லை. தாய்க்காரி நடுவில் நின்று மொழிபெயர்த்தா.


தேம்ஸ்கரை (ரெடிங்)
14 நவம்பர் 2025

என் மகன் தமிழ் பேசுவான், வாசிக்க மாட்டான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளியில் பிள்ளை தனியாக நிற்பதைப் பார்த்த பெற்றோருக்கு அந்த நேரத்து அவசரம் வேறு. நொய்யல்கரை தன் பிள்ளைக்கு ஏற்றதை முடிவு செய்யட்டும்.


நொய்யல்கரை (லிங்கன்)
23 நவம்பர் 2025

வீட்டில் தமிழ்தான் என்று முடிவு செய்துவிட்டோம். மாலையில் அரை மணி நேரம் ஆங்கிலப் புத்தகம், பள்ளித்துணை அக்கா சொன்ன மாதிரி படம் பார்த்துத் தமிழில் பேசி.

இரண்டு புதுக் கேள்வி. சின்னவனுக்கு நர்சரி இலவச மணி நேரம் நமக்கும் உண்டா? விசாவில் "அரசு நிதியுதவி கிடையாது" என்று போட்டிருக்கிறதே. அடுத்தது, தங்கைக்குத் தை மாதம் முகூர்த்தம் பார்த்திருக்கிறார்கள். பத்து நாள் மகளுக்கு லீவு சொல்லிவிட்டுப் போகலாமா?


பள்ளித்துணை (மில்டன் கீன்ஸ்)
23 நவம்பர் 2025

நர்சரி: மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்குமான 15 மணி நேரம் உங்களுக்கும் உண்டு. பள்ளி நாட்களான 38 வாரத்துக்கு. அந்த நிதியுதவித் தடையில் இது வராது. மூன்று முடிந்ததற்கு அடுத்த டெர்மிலிருந்து கிடைக்கும், உங்களுக்கு ஜனவரி. வேலை பார்க்கும் பெற்றோருக்கான 30 மணி நேரம் மட்டும், பெற்றோரில் ஒருவருக்காவது நிதியுதவி பெறும் உரிமை இருந்தால்தான். சைல்ட் பெனிஃபிட்டுக்கு (பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை) விண்ணப்பிக்காதீர்கள், அது தடைப் பட்டியலில் இருக்கிறது. யாராவது "எல்லோரும் வாங்குகிறார்கள்" என்று சொன்னாலும் வேண்டாம். பின்னால் விசாவைப் பாதிக்கும்.

லீவு: இங்கே கல்யாணத்துக்கெல்லாம் தலைமையாசிரியர் அனுமதி தர வேண்டிய கட்டாயம் இல்லை. அசாதாரணச் சூழ்நிலை என்று அவர் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் போனாலே அபராத வரம்புக்குள் வந்துவிடும். ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்டு. அதை 21 நாளில் கட்டாவிட்டால் 160. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். திரும்பி வந்த பிள்ளை வகுப்பில் மருதாணிக் கையோடு கல்யாணக் கதையைத்தான் சொல்லும். பொய்யை மறைக்கும் பாரத்தை அதன் தலையில் வைக்கக் கூடாது. நேராகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். பிப்ரவரி நடுவில் ஒரு வாரம் அரை டெர்ம் விடுமுறை வருகிறது, முடிந்தால் அதற்குள் வைக்கச் சொல்லுங்கள்.


லேத்துக்காரன் (டெர்பி)
24 நவம்பர் 2025

ஒரு விஷயம் விட்டுப்போனது. இந்திய லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதை மாற்றித் தரமாட்டார்கள். உங்களுக்கு வருகிற ஆகஸ்ட் வரை. இப்போதே ப்ரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) எடுங்கள், இணையத்தில் 34 பவுண்டு. தியரி 23 பவுண்டு, 50 கேள்வியில் 43 சரியாக இருக்க வேண்டும், கூடவே சாலையில் வரும் ஆபத்தைக் கண்டுபிடிக்கும் ஹசார்ட் பெர்செப்ஷன் வீடியோ. ப்ராக்டிகலுக்கு வார நாளில் 62 பவுண்டு, ஆனால் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது. எத்தனை வருடம் ஊரில் ஓட்டியிருந்தாலும் சில வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ரவுண்டபவுட்டில் எந்த லேன், கண்ணாடியை எப்போது பார்ப்பது, ஜீப்ரா கிராசிங்கில் நடப்பவருக்கு நிற்பது என எல்லாம் இங்கே வேறு பழக்கம். லிங்கன்ஷயரில் பட்டறை வேலைக்குக் கார் இல்லாமல் கஷ்டம். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு பஸ் இருக்காது.


ராத்திரிப்பணி (நாட்டிங்ஹாம்)
24 நவம்பர் 2025

லிங்கனிலிருந்து சாமான் வாங்க எங்கே போவது என்று உங்கள் மனைவி தனிச்செய்தியில் கேட்டிருந்தார், எல்லோருக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன். நாட்டிங்ஹாமில் ரேட்ஃபோர்ட், ஹைசன் கிரீன் பக்கம் ஆசியக் கடைகள் உண்டு. லெஸ்டரில் பெல்கிரேவ் ரோடு முழுக்க குஜராத்திக் கடைகள், பருப்பும் காய்கறியும் நன்றாக இருக்கும். இட்லி மாவு புளிக்கவில்லை என்றாரே, ஓவன் அடுப்பின் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வையுங்கள், அந்தச் சூடு போதும். ஊரிலிருந்து யாராவது வந்தால் பொடி, அப்பளம், வத்தல் கொண்டுவரச் சொல்லுங்கள். நெய், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.


நொய்யல்கரை (லிங்கன்)
18 ஜனவரி 2026

பதில் போடத் தாமதமாகிவிட்டதுங்க. கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

முதல் மின்னஞ்சலுக்கு ஏஜென்சி பதில் சொல்லவில்லை. நகரக் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறேன் என்று இரண்டாவது மின்னஞ்சலில் சொன்னதும் ஆள் வந்து கட்டரைச் சரி செய்தார். சுவர் உலர்ந்துகொண்டிருக்கிறது. பூஞ்சையைச் சுரண்டி, மருந்தடித்து, பெயின்ட் அடித்துத் தருவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை பிள்ளைகள் எங்கள் அறையில் படுக்கிறார்கள். ஹீட்டிங் 18-ல் வைத்திருக்கிறோம். பயந்த அளவுக்கு பில் வரவில்லை.

தொழிற்பேட்டையில் நேரில் போய்க் கேட்ட ஒரு சின்னப் பட்டறையில் வேலை கிடைத்தது. பம்புக்கும் வால்வுக்கும் உதிரி பாகம் கடைகிறார்கள். இன்ஸ்பெக்ஷன் பிரிவு, பகல் ஷிஃப்ட். முதலாளி மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து ஒரு துண்டை அளக்கச் சொன்னார், அதுதான் இன்டர்வியூ. தன் ரோஸ்டரை என் ஷிஃப்டுக்கு ஏற்ப அமைத்துத் தரும்படி மனைவி வார்டில் எழுதிக் கேட்டார், ஒத்துக்கொண்டார்கள். சின்னவன் காலையில் நர்சரி போகிறான். அதனால் இப்போதைக்கு லண்டன் இல்லை, ஈஸ்ட்ஹாம் அண்ணா. ஈஸ்டர் லீவில் பிள்ளைகளோடு வருகிறோம், முருகன் கோயிலுக்கும் உங்கள் வீட்டுக்கும்.

கதவைத் தட்ட ஆள் என்றீர்களே. மகள் வகுப்பில் ஒரு மலையாளிப் பெண் குழந்தை இருக்கிறாள், அவள் அம்மாவும் என் மனைவி வேலை பார்க்கும் இடத்தில்தான். பக்கத்துத் தெரு. இப்போது பள்ளிக்குக் கொண்டுபோவதையும் கூட்டிவருவதையும் இரண்டு வீடும் பகிர்ந்துகொள்கிறோம். மகள் அவளோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள், வேறு பொது மொழி இல்லையே. வகுப்பில் இன்னும் கையைத் தூக்குவதில்லை. கேட்டால் பதில் சொல்கிறாளாம்.

தங்கை வீட்டார் பெரிய மனதோடு முகூர்த்தத்தை மாசிக்கு, அரை டெர்ம் விடுமுறைக்குள் மாற்றிக்கொண்டார்கள்.


மெரினாக்காற்று (பாஸ்டன், லிங்கன்ஷயர்)
19 ஜனவரி 2026

வணக்கம் அண்ணா. என் மனைவி பிப்ரவரியில் லிங்கனில் சேரப்போகிறார், நானும் குழந்தையும் கூடவே மாறுகிறோம். ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ஏஜென்ட் இரண்டு மாத வாடகையை டெபாசிட்டாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?


நொய்யல்கரை (லிங்கன்)
19 ஜனவரி 2026

கொடுக்காதீர்கள். வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் என்றால் டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, சட்டம். வீட்டைப் பிடித்து வைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. கொடுத்த டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு, உங்களுக்குச் சான்று தர வேண்டும். அந்த வீட்டின் இபிசி (எரிசக்தித் திறன்) சான்றிதழை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஈ தரத்துக்குக் கீழே என்றால் பொதுவாக வாடகைக்கு விடவே கூடாது.

பணம் கட்டும் முன் நேரில் போய், மழை பெய்யும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது, கட்டரையும் எல்லா அறையின் மூலைகளையும் அலமாரிக்குப் பின்னாலும் பாருங்கள். உங்களால் வர முடியவில்லை என்றால் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். சனிக்கிழமை எனக்கு லீவு, நான் போய்ப் பார்த்து வீடியோ எடுத்து அனுப்புகிறேன்.